தீயையும் செவிலியர் தலையில் கட்டுவதா?

மகாராஷ்டிரத்தின் அகமத்நகர் மாவட்ட அரசு மருத்துவமனையில் 2021 நவம்பர் 6 அன்று தீவிர சிகிச்சைப் பிரிவு தீப்பற்றி 11 கொரோனா நோயாளிகள் இறந்தார்கள். சில நாள்களில் காவல்துறை கைது செய்தது யாரை? ஒரு மருத்துவ அலுவலரையும் மூன்று செவிலியர்களையும். அதே ஆண்டு ஜனவரி 9 அதிகாலையில் பண்டாரா மாவட்ட மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் 10 குழந்தைகள் மாண்டபோதும் இதே கதைதான். மேலே இருந்த சிலருக்கு இடைநீக்கம். குற்ற வழக்கோ, பணியில் இருந்த இரண்டு செவிலியர்கள்மேல்.

மருத்துவமனைத் தீ விபத்துகளில் நம் அரசுகளுக்குப் பழகிப்போன முறை இது. புகை அடங்கும் முன்பே நிவாரணத் தொகை அறிவிப்பு. மறுநாள் விசாரணைக் குழு. ‘மின்கசிவே காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது’ என்று ஒரு வரி. பிறகு, அந்த நேரத்தில் வார்டில் நின்றிருந்த கடைநிலை ஊழியர் தலையில் பழி. அந்த ஊழியர் கையில் யாராவது, எப்போதாவது, ஒரு தீயணைப்பானைக் கொடுத்து இயக்கிப் பார்க்கச் சொன்னதுண்டா? அவர் வார்டின் மின் இணைப்பை எந்தப் பொறியாளராவது வந்து பார்த்ததுண்டா? இந்தக் கேள்விகளை எந்த விசாரணைக் குழுவும் முதல் கேள்வியாக வைப்பதில்லை. நாம் வைக்கிறோம். தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறையிடம், தீ பிடிப்பதற்கு முன்பாகவே, இப்போதே வைக்கிறோம்.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான துயரம் என்று எண்ணிவிட வேண்டாம். திண்டுக்கல்லில் 2024 டிசம்பர் 12 இரவு ஒரு தனியார் எலும்பு முறிவு மருத்துவமனையில் தீப்பிடித்து ஒரு சிறுமி உட்பட ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்கள் அவர்கள். தீ விபத்தின்போது லிஃப்டில் ஏறக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் புகைக்கு நடுவே பதறி நிற்கும் நோயாளிக்கும் உறவினருக்கும் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வராது. அங்கே சீருடையில் நிற்கும் ஒருவர்தான் ‘அந்தப் பக்கம் போகாதீர்கள், இப்படி வாருங்கள்’ என்று அதட்டி அழைத்துச் செல்ல வேண்டும். அப்படி அதட்ட அவருக்குப் பழக்கம் இருந்தாக வேண்டும்.

அந்த விபத்தை ஒட்டி எழுந்த பேச்செல்லாம் மாடி மாடியாக நிற்கும் தனியார் மருத்துவமனைகளைச் சுற்றியே இருந்தது. அரசின் சொந்தக் கட்டடங்களில் மிகச் சிறியவையும், எண்ணிக்கையில் மிகுதியானவையுமான ஆரம்ப சுகாதார நிலையங்கள் பக்கம் அது திரும்பவே இல்லை. மாநிலத்தில் இவை 2,000-க்கு மேல். புதன்கிழமை தடுப்பூசிக்குக் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வரிசை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வரும் முதியவர்கள். இரவில் பிரசவம், பாம்புக்கடி, இளைப்பு. பேறுகால மரணத்தைத் தமிழகம் குறைத்துக் காட்டியதில் இந்த நிலையங்களின் பங்கை நாடே பாராட்டுகிறது. பாராட்டை வாங்கிக்கொள்ளும் துறை, அந்தக் கட்டடத்துக்குள் இரவு முழுக்க விழித்திருக்கும் பெண்ணின் உயிரைப் பற்றி என்ன ஏற்பாடு செய்திருக்கிறது?

‘சின்னக் கட்டடம்தானே, தரைத்தளம்தானே, ஏதாவது என்றால் எல்லாரும் வெளியே ஓடிவிடலாமே’ என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். யார் ஓடுவது? பிரசவ மேசையில் வலியோடு கிடப்பவள் ஓடுவாளா? முந்தின நாள் தையல் போட்டவள் ஓடுவாளா? ரேடியன்ட் வார்மரின் கீழே வைத்திருக்கும் பிறந்து ஒரு மணி நேரமான குழந்தை? நெபுலைசர் மூக்கில் மாட்டிய ஆஸ்துமாக்காரர்? ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் கிழவர்? பல நிலையங்களில் இரவுப் பணிக்கு ஒரு செவிலியரும், இருந்தால் ஒரு மருத்துவமனைப் பணியாளரும்தான். இரண்டு பேர், நான்கு கைகள். முதலில் யாரைத் தூக்குவது, யாரைப் போர்வையோடு தரையில் இழுத்துக்கொண்டு போவது, குழந்தையைத் தாயிடம் கொடுப்பதா, தானே மார்போடு கட்டிக்கொள்வதா என்று அந்தக் கணத்தில் யோசித்துக்கொண்டு நின்றால் காரியம் கெட்டது. யோசனை முன்பே முடிந்திருக்க வேண்டும். உடம்புக்குப் பழகியிருக்க வேண்டும். மெத்தையின் நுரையும் ரெக்சினும் எரிந்தால் கிளம்பும் புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடும் கலந்திருக்கும். தீ நாக்கு கட்டிலைத் தொடும் முன்பே அந்தப் புகை வேலையை முடித்துவிடும்.

கட்டடத்தின் வயிற்றுக்குள் போய்ப் பார்க்கலாம். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய நிலையங்களில் வயர் இழுத்தபோது மனதில் இருந்தவை சில மின்விசிறிகள், குழல் விளக்குகள், ஒரு குளிர்பதனப் பெட்டி. இன்று அதே வயரில் என்னென்ன தொங்குகின்றன? தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர்., டீப் ஃப்ரீசர், ஸ்டெபிலைசர், ஆட்டோகிளேவ், வார்மர், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், பிரசவ அறை ஏ.சி., கணினி, பிரின்டர், இன்வெர்ட்டர், அதன் பேட்டரிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திட்டத்தில் வந்து இறங்கியது. கருவியைக் கொடுத்த திட்டம் எதுவும் அதைத் தாங்கும் மின் இணைப்பைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பிளக் பாயின்ட் போதாத இடத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அது போதாவிட்டால் அதிலிருந்து இன்னொன்று. மின்பளு மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால், ஏன் விழுகிறது என்று பார்க்காமல் இன்னும் பெரிய ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டிவிட்டுப் போகும் எலெக்ட்ரீஷியன்கள் நம் ஊரில் குறைவில்லை. எச்சரித்த காவல்காரனை வேலையைவிட்டு நீக்குகிற காரியம் அது. அன்றிலிருந்து சுவருக்குள் வயர் சூடேறுவதைச் சொல்ல ஆளில்லை. சுகாதார நிலையப் பொறுப்பு மருத்துவர் கடிதம் எழுதுவார். கடிதம் வட்டார மருத்துவ அலுவலர் வழியாக மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து பொதுப்பணித் துறையின் மின்பிரிவுக்குப் போகும், மதிப்பீடு தயாராகும், நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கும். மின்சாரம் இந்தக் கோப்புக்காகக் காத்திருக்காது.

ஜான்சியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 15 இரவு அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து அன்றே 10 குழந்தைகள் இறந்தன. 18 குழந்தைகளுக்கான இடத்தில் 49 குழந்தைகள் இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. ஆக்சிஜன் புழங்கும் அறை அது. காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். மூடிய அறையில் அது இரண்டு மூன்று விழுக்காடு கூடினாலே துணியும் பஞ்சும் பற்றும் வேகம் மாறிவிடும். ஆக்சிஜன் தானாக எரிவதில்லை, எரிவதைத் தூண்டிவிடும். சிலிண்டர் வால்வில் எண்ணெய்க் கை படக் கூடாது, திருகுச் சாவி சிலிண்டரோடு சங்கிலியில் தொங்க வேண்டும், வெளியேறும் முன் வால்வை மூட வேண்டும் என்பவை சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதுமான விஷயங்கள். கொரோனாக் காலத்தில் கான்சன்ட்ரேட்டரும் சிலிண்டரும் கிராமத்து நிலையம்வரை வந்து சேர்ந்தன. அந்த அரை மணி நேரம் வந்து சேர்ந்ததா?

இனி கதவுக்கு வருவோம். பல நிலையங்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் முன்வாசல் மடிப்பு இரும்புக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். பின்கதவுக்குத் தாழ்ப்பாளோடு பூட்டும் உண்டு. அதன் எதிரே பழைய கட்டில்களும் உடைந்த நாற்காலிகளும் அடுக்கியிருப்பதையும் காணலாம். தீயணைப்புத் துறை ஆய்வுக்கு வந்தால் பூட்டைப் பார்த்துக் குறை எழுதும், நியாயம்தான். ஆனால் செவிலியர் ஏன் பூட்டுகிறார்? குடித்துவிட்டு வந்து கதவை உதைப்பவனுக்குப் பயந்து பூட்டுகிறார். காவலாளி இல்லாத கட்டடத்தில் தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பூட்டைத் தவிர வேறு காவல் எது? ஆகவே ‘பூட்டாதே’ என்று சுற்றறிக்கை அனுப்பும் அதிகாரியை நாம் மன்னிக்கத் தயாராக இல்லை. இரவுக் காவலாளியை நியமியுங்கள். அதுவரை, உள்ளிருந்து சாவியில்லாமல் தள்ளித் திறக்கும் தாழ்ப்பாளைப் பின்கதவில் பொருத்துங்கள். ஒரு தச்சரும் அரை நாளும் போதும். தட்டுமுட்டுச் சாமான்களைக் கழிவு நீக்கம் செய்ய அனுமதி கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் மருத்துவருக்கு அந்த அனுமதியைக் கொடுங்கள்.

சுவரில் ஒரு சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர் தொங்குவது உண்மைதான். திருஷ்டிப் பொம்மைபோலத் தொங்குகிறது. பார்த்தாலே தீ ஓடிவிடும் என்ற நம்பிக்கையில் மாட்டியதோ என்னவோ. பவுடர் சிலிண்டராக இருந்தால் அழுத்தமானியின் முள் பச்சைக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். மின்கருவிகளுக்கு ஏற்ற கார்பன் டைஆக்சைடு சிலிண்டருக்கு அந்த முள்ளே கிடையாது. எடை போட்டால்தான் உள்ளே வாயு இருக்கிறதா என்று தெரியும். அட்டையில் கையெழுத்துப் போட்டவர் எடை போட்டாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். பவுடர் சிலிண்டர் பத்து இருபது விநாடிகளில் தீர்ந்துவிடும். அந்த விநாடிகளைப் பின்னை எங்கே பிடுங்குவது என்று தேடுவதில் செலவிட்டால் அதற்குள் தீ மேலே ஏறிவிடும். பின்னை எடுத்து, தீயின் அடிப்பாகத்தைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடமும் வலமும் வீசவேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு முறையாவது கையால் செய்திருக்க வேண்டும். ஒரு சிலிண்டரைப் பயிற்சிக்காகக் காலி செய்தால் மறுபடி நிரப்பும் செலவுக்கு எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது என்று தயங்கியே, நிரம்பிய சிலிண்டரைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். தணிக்கைக்குப் பயந்து உயிரைப் பணயம் வைக்கும் இந்த நிர்வாக புத்தியை என்னவென்று சொல்வது!

பயிற்சியே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிவந்த ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் வெடித்து, தீயை அணைக்கப் போன வீரர்கள் மாண்ட நாளின் நினைவாக வருவது அது. தீயணைப்பு வண்டி வரும். வளாகத்தில் ஒரு தகரத் தட்டில் எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்து, ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துக் காட்டுவார்கள். கைதட்டல், புகைப்படம், தேநீர். செய்துகாட்டும் வீரர்களை நாம் குறை கூறவில்லை, அவர்கள் கடமையைச் செய்கிறார்கள். பகல் பதினொரு மணிக்கு, எல்லாரும் இருக்கும் நேரத்தில், வெட்டவெளியில் நடக்கும் அந்தக் காட்சிக்கும், இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போன கட்டடத்துக்குள் ஒரு செவிலியர் தன்னந்தனியாகச் செய்யவேண்டியதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா? அந்த இரவுச் செவிலியர் பகல் பயிற்சியில் இருந்திருக்கவே மாட்டார். பணி முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் பெயர் பயிற்சிப் பட்டியலில் ஏறுவதே அரிது. தீக்கு நிரந்தரப் பணியாளர், தற்காலிகப் பணியாளர் என்ற பாகுபாடு கிடையாது.

இன்னொரு நோயும் உண்டு, அது படிநிலை. ஏதாவது நடந்தால் செவிலியர் முதலில் மருத்துவ அலுவலருக்குப் போன் செய்வார். அவர் மேலிடத்துக்குச் சொல்வார். மேலிடம் ‘வெளியே தெரிய வேண்டாம், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னாலும் வியப்பதற்கில்லை. கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 விடியுமுன் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தபோது புகையைப் பார்த்து ஓடிவந்த பக்கத்துக் குடிசைவாசிகளைக் காவலர்கள் திருப்பி அனுப்பினார்கள். வாகனம் நிறுத்த வேண்டிய இடத்தில் எளிதில் தீப்பற்றும் சரக்கு அடுக்கியிருந்தது. தீயணைப்புத் துறைக்குத் தகவல் தாமதமாகப் போனது. சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். அங்கே கேரளத்தைச் சேர்ந்த இரண்டு இளம் செவிலியர்கள் தங்கள் வார்டிலிருந்து எட்டு நோயாளிகளை வெளியேற்றிவிட்டு, எஞ்சிய ஒருவருக்காகத் திரும்பிப் போய் உயிர்விட்டார்கள். செவிலியர்களின் கடமையுணர்வைச் சந்தேகிப்பவர்கள் அந்த இருவரை நினைத்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது செவிலியர் செத்துத் தியாகியாகாத ஏற்பாடு. 101-க்கு அழைக்க எந்த ஊழியரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று துறை இயக்குநர் கையெழுத்துடன் ஒரு ஆணை வரட்டும். ஒரு தாள் போதும். அதில் இன்னொரு வரியும் சேர்க்கலாம்: தீயணைப்பு நிலையம் இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்களில் வண்டி வரும்வரை உதவ அக்கம்பக்கத்தாரை உள்ளே விடுவதற்கும் அனுமதி வேண்டியதில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. சிறிய கட்டடத்தின் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. தில்லி விவேக் விகாரில் 2024 மே 25 இரவு ஒரு பச்சிளங்குழந்தைகள் மருத்துவமனை எரிந்தது. ஐந்து படுக்கைக்கு உரிமம், அதுவும் காலாவதி. உள்ளே 12 குழந்தைகள். ஒன்பது மீட்டருக்கு உட்பட்ட உயரமுள்ள மருத்துவமனைக் கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கட்டாயமில்லை என்ற தில்லி விதி அப்போதுதான் பலர் கண்ணில் பட்டது. தீ உயரத்தை அளந்துகொண்டு பிடிப்பதில்லை. குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு கொரோனா மருத்துவமனை தீப்பற்றியதை அடுத்து 2020 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், கொரோனா மருத்துவமனைகள் தடையில்லாச் சான்று பெற வேண்டும், மாவட்டந்தோறும் குழு அமைத்து மாதம் ஒரு முறையாவது தீத்தணிக்கை செய்ய வேண்டும், ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கொரோனா போனது, அந்த உத்தரவின் உணர்வும் அதோடு போய்விட்டது. தேசியத் தர உறுதிச் சான்றுக்கான அளவுகோலில் தீ பாதுகாப்புக்கென்றே ஒரு தரநிலை இருக்கிறது. மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் வெளியேறும் வழிக்கு அம்புக்குறி ஒட்டுவார்கள், பதிவேட்டில் ஒத்திகைத் தேதிகள் நிரம்பும். சான்றிதழ் சட்டமிட்டு வரவேற்பறையில் தொங்கும். இந்தப் பதிவேடுகளைச் செவிலியர்களைக்கொண்டே எழுதவைத்து, நாளை விபத்து நடந்தால் அதே பதிவேட்டைக் காட்டி ‘உனக்குத்தான் பயிற்சி கொடுத்தோமே’ என்று அவர்களையே மடக்க முடியும். இதைவிடக் கொடுமை வேறில்லை.

முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் 2022 ஏப்ரல் 27 அன்று தீப்பிடித்தபோது ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களுமாக நோயாளிகளை வெளியே கொண்டுவந்தார்கள், உயிரிழப்பில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பள்ளிக் குழந்தைகள் கருகியபின் பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை இதே மாநில நிர்வாகம்தான் பிரித்துப் போட்டது. வேண்டும் என்று நினைத்தால் செய்யத் தெரிந்த நிர்வாகம். 94 உடல்களைப் பார்த்த பிறகுதான் நினைப்பு வந்தது என்பதே நம் கண்டனம்.

நோயாளிகளின் உறவினர்கள் வார்டில் கொசுவர்த்தி கொளுத்துவதையும், ஹீட்டர் கம்பியில் வெந்நீர் வைப்பதையும், ஆயுத பூஜையன்று ஊழியர்கள் மருந்தகத்தில் ஸ்பிரிட் புட்டிகளுக்கு அருகே சூடம் ஏற்றுவதையும் காட்டி, ‘மக்களுக்கும் ஊழியர்களுக்கும் பொறுப்பில்லை’ என்று அதிகாரிகள் பதில் சொல்லக்கூடும். கொசுவலையும் வெந்நீர்க் கருவியும் கொடுக்காத வார்டில் கொசுவர்த்தி எரியத்தான் செய்யும். சூடத்தைப் பொறுத்தவரை, ஊழியர்கள் வெளியே ஏற்றிக்கொள்ள வேண்டும். இதில் அவர்களுக்கு நாம் பரிந்து பேச மாட்டோம்.

நாம் கேட்பவை இவை: பொதுப்பணித் துறையின் மின்பிரிவு ஒவ்வொரு நிலையத்தின் மின்பளுவையும் அளந்து, தாங்காத இணைப்பை மாற்றியாக வேண்டும். அதுவரை புதுக் கருவி எதுவும் அந்த நிலையத்துக்குப் போகக் கூடாது. மூன்று பணிநேரத்திலும் உள்ளவர்கள், ஒப்பந்தப் பணியாளர் உட்பட, ஆறு மாதத்துக்கு ஒரு முறை விளக்கை அணைத்துவிட்டுச் செய்து பார்க்கும் ஒத்திகை நடக்க வேண்டும். சிலிண்டரைப் பயிற்சியில் காலி செய்து நிரப்பும் செலவை நோயாளர் நலச் சங்க நிதியிலிருந்து எடுக்கலாம் என்று எழுத்தில் அனுமதி வேண்டும். பயிற்சி பெறாத ஊழியர்மேல் தீ விபத்துக்காக ஒழுங்கு நடவடிக்கையோ வழக்கோ கூடாது. பயிற்சி தராத அதிகாரிமேல் இருக்கலாம். வரும் சட்டப்பேரவைக் கூட்டத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளில், எந்தெந்த நிலையத்தில் மின்பளு அளக்கப்பட்டது, எங்கே இரவு ஒத்திகை நடந்தது, எங்கே பின்கதவு திறக்கிறது என்று மாவட்டவாரியாக, நிலையத்தின் பெயரோடு ஒரு பட்டியலை அமைச்சர் அவையில் வைக்கட்டும். பட்டியலில் இல்லாத நிலையங்களுக்கு யார் பொறுப்பு என்பதையும் பதவிப் பெயரோடு அதிலேயே எழுதித் தரட்டும்.